நிலா தள்ளிப்போட்ட ஈஸ்டர்

காலண்டர் அடிக்கிறவனுக்கு ஒரு விசேஷத் தண்டனை உண்டு: அவன் செய்த தப்பு எந்தத் தேதியில் வெளியே வரும் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியும்.

மற்றத் தொழில்களில் தப்பு வெளியே வராமலே போய்விடலாம் என்று ஒரு நம்பிக்கையாவது இருக்கும். எங்களுக்கு அது கிடையாது. தப்பை நாங்களே அச்சடித்து, அடுக்கி, அட்டையில் தைத்து, ஆணி அடித்து மாட்டிக்கொள்ளும்படி உங்கள் கையில் கொடுத்துவிடுவோம். விரத நாளைத் தவறவிட்டவர்கள், முகூர்த்தத்துக்கு மறுநாள் போய் இறங்கியவர்கள், கிழிக்க மறந்த தாளைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கிளம்பியவர்கள் எல்லோருக்கும் நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. நீங்கள் சுவருக்கு முன்னால் நின்று பட்டதை நான் முன்கடையில் உட்கார்ந்து பட்டேன்.

கிரேட் காட்டன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகம். புரூப் பார்ப்பது, முன்கடையில் ஆர்டர் வாங்குவது, காலண்டருக்கு விஷயம் சேர்ப்பது மூன்றும் என் வேலை. ஒரே தாளில் இங்கிலீஷ் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி தேதி, திதி, ராகுகாலம், அன்றைக்குரிய புனிதரின் பெயர் எல்லாம் இருக்கவேண்டும். துறைமுக ஊரில் ஒரு மதத்துக்கு மட்டும் காலண்டர் அடித்தால் கால்வாசிச் சுவர்தான் கிடைக்கும். நான் சொல்லப்போவது 1943-ஆம் வருஷத்துச் சங்கதி. சித்திரபானு முடிந்து சுபானு பிறந்த வருஷம். அதற்கு முந்தின வருஷம் சரியாக ஈஸ்டர் அன்று ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டிருந்தான். அடுத்தது தூத்துக்குடிதான் என்று பேச்சு. எங்கள் முதலாளி குடும்பத்தை விளாத்திகுளத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அச்சகத்தின் பின்கட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். சோறு குழைந்துபோன நாட்களில் என் புரூபில் அவருக்குத் தப்பு அதிகமாகத் தெரியும்.

சர்க்கார் மணி, சூரிய மணி

சண்டைக்காக சர்க்கார் 1942 செப்டம்பரில் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டது. எங்கள் காலண்டர் வேலை ஆடி மாதமே தொடங்கிவிடும். அந்த உத்தரவு வருவதற்குள் அடுத்த வருஷத்துத் தாள்களில் பாதி மிஷினை விட்டு இறங்கிக் காய்ந்துகொண்டிருந்தன. ராகுகாலம், எமகண்டம், சூரிய உதயம் எல்லாம் பழைய மணிப்படி. காகிதம் பெர்மிட்டில் கிடைத்த காலம். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அடிப்பது நடக்காத காரியம். பாதியைப் பழைய மணியிலும் பாதியைப் புதிய மணியிலும் அடித்தால் ஊர் சிரிக்கும். எனவே எல்லாவற்றையும் பழைய மணியிலேயே விட்டுவிட்டு, அட்டையின் அடியில் 'இதில் கண்ட நேரங்கள் பழைய மணிப்படி' என்று ஒரு வரி போட்டோம். பாதி அட்டையை விளம்பரம் கொடுத்த கடைக்காரரின் பெயர் பிடித்துக்கொண்டதால் அந்த வரி எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

கருப்பட்டி கமிஷன் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை சரக்கு அடுக்கிவைக்கப் புதுக் கிட்டங்கி திறந்தார். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு. அது முடியட்டும் என்று வியர்க்க வியர்க்கக் காத்திருந்து, சுவர்க்கடிகாரத்தில் பன்னிரண்டே கால் அடித்தபிறகு தேங்காய் உடைத்திருக்கிறார். சூரியன் கணக்கில் அப்போது பதினொன்றேகால். ராகு நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த நேரம். பூசை முடிந்து எல்லோரும் போனபிறகு யாரோ அந்த எறும்பு வரியை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டார்கள். காலண்டரை அட்டையோடு கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் ஏதேதோ சமாதானம் சொன்னேன். கடவுளுக்கு மனசுதான் கணக்கு என்றேன். அவர் எதையும் காதில் வாங்கவில்லை.

"நான் கும்பிட்டது இருக்கட்டும் வே. ராகு எந்த மணிப்படி எந்திரிச்சுப் போவான்? சர்க்கார் மணிக்கா, சூரியன் மணிக்கா? அதை மட்டும் சொல்லும்."

ஒரு நாள் பிந்திய பௌர்ணமி

டிசம்பரில் எங்கள் காலண்டரும், எங்களுக்குப் போட்டியான இன்னோர் அச்சகத்தின் காலண்டரும் ஒரே வாரத்தில் வெளியே வந்தன. அவர்களுடையதைக் கப்பலுக்குச் சாமான் போடும் கடை ஒன்று கடலோரமெல்லாம் இனாமாகக் கொடுத்திருந்தது. முதலாளி ஒரு பிரதி வாங்கிவந்து என் மேஜையில் வைத்தார். அதில் ஈஸ்டர் மார்ச் 28. எங்களுடையதில் ஏப்ரல் 25. ஒரு வாரம் அப்படி இப்படி என்றால் சமாளிக்கலாம். இது ஒரு மாதம். ஈஸ்டர் நகர்ந்தால் விபூதிப் புதன், அன்று தொடங்கும் நாற்பது நாள் தபசு காலம், குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளி எல்லாம் கூடவே நகரும். எங்கள் காலண்டர் பாதிக்குமேல் தொங்கியது கடலோரத்துக் கத்தோலிக்க வீடுகளில்.

மார்ச் இருபத்தொன்றிலோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமி. அதற்கடுத்த ஞாயிறு ஈஸ்டர். கடலோரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான் இது. முதலாளி எங்கள் காலண்டரிலேயே மார்ச் 21-ந் தேதித் தாளைப் பிரித்துக் காட்டினார். அதில் நானே போட்ட வட்ட நிலா சிரித்துக்கொண்டிருந்தது. பௌர்ணமி. பஞ்சாங்கமும் அதையே சொன்னது. அப்படியானால் ஈஸ்டர் 28-தானே வே என்று கேட்டார். ஏப்ரல் 25 என்பதை மாதா கோயில் சாமியாரிடம் கேட்டுத்தான் போட்டிருந்தேன். ஆனால் கேட்டபோது என் காதில் விழுந்தது சரியா என்று அப்போது சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி ஓடினேன். சாமியார் பூசைப் புத்தகத்தின் முன்பக்கத்து அட்டவணையில் விரலை வைத்துக் காட்டினார். கோயிலின் நிலா வானத்து நிலா இல்லையாம். அதற்குப் பழங்காலத்திலேயே போட்டுவைத்த தனிக் கணக்காம். அந்தக் கணக்கில் பௌர்ணமி மார்ச் இருபதிலேயே முடிந்துவிடுகிறது. ஒரு நாள் குறைவு. ஆகவே அந்த நிலா செல்லாது. அடுத்தது ஏப்ரல் 18, அதுவே ஞாயிற்றுக்கிழமை. அதற்கும் அடுத்த ஞாயிறு 25. ஈஸ்டர் இதைவிடப் பிந்தி வரவே முடியாது என்றார். இதற்கு முன்னால் இந்தத் தேதியில் வந்தது 1886-இல். இனி வருவது 2038-இல். ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாளன்று அந்த வருஷத்துத் தேதிகளைக் கோயிலில் வாசிப்பேன், அதுவரை பொறுங்கள் என்று அனுப்பினார்.

வந்து சொன்னேன். முதலாளி நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை. மிஷின்மேன் சுப்பையா மை துடைத்த கந்தலை உதறிக்கொண்டே சொன்னார்:

"நாம நிலாவை வானத்துல பாக்கோம், சாமியார் புஸ்தகத்துல பாக்காரு. எது நெசம்னு மூணு ராசா வந்து சொல்லுத வரைக்கும் நமக்கு வேலை இருக்கு."

மடக்கிவைத்த தாள்

மூன்று ராஜாக்கள் எங்கள் பக்கம்தான் சாட்சி சொன்னார்கள். சாமியார் ஏப்ரல் 25 என்று வாசித்ததைக் கோயில் வாசலில் நின்றே கேட்டுவிட்டு வந்த முதலாளி, அன்று வெகுநாளைக்குப் பிறகு கிளப்புக் கடையில் சாப்பிட்டார். பயம் தீர்ந்தது என்று நானும் நினைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு பெண் போட்டிக் காலண்டரைச் சேலை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். பெயர் செசிலி. அவள் புருஷன் தொம்மை ஒரு தோணிக்குத் தண்டல். அதாவது தோணியை நடத்திப் போகிறவன். புது வருஷப் பூசை கண்ட கையோடு கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு பாய் விரித்துவிட்டான். அங்கிருந்து மலையாளக் கரைக்குப் போய்த்தான் திரும்புவதாக ஏற்பாடு. சமாதான காலத்தில் அது ஒரு பெரிய பயணமே இல்லை. இப்போது கடலில் நீர்மூழ்கி திரிகிறது என்கிறார்கள், துறைமுகத்துக்குத் துறைமுகம் நிறுத்திவைக்கிறார்கள், கடுதாசி வருவதில்லை. புறப்படுகிற அன்று அவள் அழுதிருக்கிறாள். அவன் சுவரில் புதிதாக மாட்டியிருந்த இந்தக் காலண்டரைப் புரட்டி, ஈஸ்டர் என்று போட்டிருந்த தாளின் முனையை மடக்கி, இதற்கு வீட்டில் இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவன் போனபிறகுதான் கோயிலில் ஏப்ரல் என்று வாசித்தார்கள்.

சாமியார் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். அவள் கேட்க வந்தது அது இல்லை. புருஷன் சொன்னது ஈஸ்டரையா, இந்தத் தாளையா? எதைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும்? மடக்கிய முனையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அது எங்கள் காலண்டர் இல்லையே என்று தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். அவளுக்குக் காலண்டர்காரர்கள் எல்லோரும் ஒன்றுதான்.

"ஆண்டவர் எந்திரிச்சது ஒரு தடவைதான அண்ணாச்சி? அதுக்கு எதுக்கு ரெண்டு தேதி போடுதிய?"

கறி போடாத புதன்

போட்டிக் காலண்டரில் விபூதிப் புதன் பிப்ரவரி 10. கத்தோலிக்கர்கள் ஒருவரும் அதை நம்பவில்லை, கோயிலில்தான் வாசித்தாகிவிட்டதே. நம்பியவர் ஒரே ஒருவர், கோயிலுக்குப் போகாதவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கறிச்சோற்றுக் கடை வைத்திருந்த அண்ணாச்சி. தபசு காலம் வந்தால் தோணிக்காரர்கள் கறி கேட்கமாட்டார்கள் என்று அவருக்கு அனுபவம். காலண்டரைப் பார்த்து, கறிக்காரரிடம் முந்தின நாளே சொல்லி ஆட்டுக்கறியை நிறுத்தி, பூசணிக்காயும் கத்தரிக்காயுமாகக் குழம்பு வைத்துவிட்டார். தோணிக்காரர்கள் வந்து உட்கார்ந்து, இலையைப் பார்த்துவிட்டு, எழுந்து அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். ஒரு மாதம் கழித்து நிஜமான தபசு காலம் வந்தபோது அவர் யாரையும் நம்பாமல் ஆட்டுக்கறி போட்டுக்கொண்டிருந்தார் என்பது வேறு கதை.

அவர் சண்டைக்கு வந்தது எங்களிடம். இது எங்கள் காலண்டர் இல்லை, எங்களுடையதில் மார்ச் 10 என்றுதான் இருக்கிறது, பாருங்கள் என்று எடுத்துக் காட்டினேன். பார்த்தார். சாந்தமாகிவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"சரியாப் போட்டிருந்தேருன்னா முந்தியே வந்து சொல்லியிருக்கணும்லா. சரியாப் போட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்கவன்தான் ரொம்பப் பெரிய கள்ளன்."

இரண்டு முஹர்ரம்

காயல்பட்டினத்து ஹாஜியார் ஒருவர் கொழும்பிலிருந்த தம்முடைய கடைக்கு வருஷாவருஷம் எங்களிடம்தான் காலண்டர் அடிப்பார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, மெதுவான பேச்சு. பிப்ரவரி கடைசியில் வந்து, உட்காருவதற்கு முன்பே, தம்பி ஒரு பெரிய பிழை விட்டுவிட்டீர்களே என்றார். ஹிஜ்ரி வருஷப் பிறப்பை ஜனவரி 8-இலும் போட்டிருக்கிறீர்கள், டிசம்பர் 28-இலும் போட்டிருக்கிறீர்கள். ஒரு வருஷத்துக்கு எத்தனை முஹர்ரம்? பிறகு அவரே பேனாவை வாங்கி, சந்திர வருஷம் எத்தனை நாள் குறைவு என்று என் மேஜைத் தாளில் கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவை கூட்டினார். சரியாகத்தான் இருந்தது. அந்த ஒரு இங்கிலீஷ் வருஷத்துக்குள் ஹிஜ்ரி வருஷம் இரண்டு முறை பிறக்கிறது. பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான். பேனாவை மூடி வைத்தார். இந்த ஊரில் என்னிடம் பிழை என்று வந்து, சரி என்று திரும்பிப்போனவர் அவர் ஒருவர்தான்.

அவரிடம் கொழும்புச் சேதி கேட்டேன். அவருடைய தம்பி அங்கே கடையில் இருந்தார். ஆட்கள் வழியாகச் சேதி வரும். தொம்மையின் தோணியைப் பற்றி விசாரித்துச் சொல்வதாகப் போனவர், பத்து நாள் கழித்து வந்தார். கொழும்பில் வெகுநாள் நிறுத்திவைத்திருந்தார்களாம். பிறகு மலையாளக் கரைக்குப் போக அனுமதி கொடுத்து விட்டுவிட்டார்களாம். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாதாம். இதை நல்ல சேதி என்று எடுத்துக்கொள்வதா என்று கேட்டேன். அவர் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவை பொறக்குத வருஷம், தம்பி. ஒரு தடவையாவது நல்ல சேதியோட பொறக்கட்டும்."

போடாத தேதி

பங்குனி வெயிலில் கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் அடங்கிக் கிடக்கும். அந்த நாட்களில்தான் முந்தின காலத்தில் முத்துக்குளிப்பு நடக்கும். கடலடியில் இருக்கிற முத்துப் பார்களில் சிப்பி விளையாமல் போய் வருஷக்கணக்கு ஆகிவிட்டது. சங்கு குளித்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஒருவர், காதில் பஞ்சு வைத்தபடி வந்து, உங்கள் காலண்டரில் எல்லாத் திருநாளும் இருக்கிறது, முத்துக்குளிப்புத் தேதி மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். சர்க்கார் அறிவித்தால்தானே போடமுடியும் என்றேன். சர்க்கார் சிப்பியைப் பார்த்து அறிவிக்கிறது, சிப்பி எதைப் பார்த்து விளையும் என்றார். கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. சிரிக்கலாமா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க ஒரு தேதி போட்டுவையுங்க. வராட்டி நாங்க யாரும் ஒங்களைக் கேக்க மாட்டோம், எங்களுக்குப் பழகிட்டு."

மார்ச் இருபத்தெட்டு

வானத்து நிலா 21-ந் தேதி ராத்திரி முழுசாக எழும்பியது. பஞ்சாங்கத்தில் பிழையில்லை. கோயிலில் ஒரு மணியும் கூடுதலாக அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு போட்டிக் காலண்டரின் ஈஸ்டர். அந்த ஞாயிறு காலையில் நான் வேலை இல்லாமலே கடற்கரைப் பக்கம் நடந்துபோனேன். வந்த தோணிகளில் தொம்மையின் தோணி இல்லை.

மறுநாள் செசிலி வந்தாள். போட்டிக் காலண்டர் மடக்கிய தாளில் நின்றுகொண்டிருந்தது. அவள் அதைக் கிழிக்கவில்லை. அதற்குப் பின்னால் இருக்கிற நாட்களைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவை அவளுக்கு வெறும் தாள். தோணி கொழும்பை விட்டுக் கிளம்பிவிட்டது என்று ஹாஜியார் சொன்னதைச் சொன்னேன். கிளம்பி எங்கே போயிற்று என்று கேட்டாள். மலையாளக் கரைக்கு என்றேன். அங்கே சேர்ந்ததா என்று கேட்டாள்.

வேறு என்ன செய்வது என்று தோன்றாமல், உள்ளே மிஞ்சிக் கிடந்த எங்கள் காலண்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மார்ச் முடிகிற நேரத்தில் காலண்டர் எதற்கு என்று முதலாளி உள்ளேயிருந்து பார்த்தார். அவள் அதை மேஜையில் வைத்து, ஜனவரி ஒன்றிலிருந்து ஒவ்வொரு தாளாகக் கிழிக்க ஆரம்பித்தாள். கொத்தாகக் கிழிக்கலாமே என்று சொல்ல வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன். ஒவ்வொன்றையும் பார்த்து, கிழித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். அவன் பாய் விரித்த நாள் வந்தபோது மட்டும் கொஞ்சம் நின்றாள். சுப்பையா மிஷினை நிறுத்திவிட்டார். மார்ச் 28 வந்தது. எங்கள் தாளில் அது தபசு காலத்து மூன்றாம் ஞாயிறு, அவ்வளவுதான். அதையும் கிழித்தாள். பிறகு மீதிக் கட்டை விரலால் சரசரவென்று விட்டு, ஏப்ரல் 25-ஐக் கண்டுபிடித்து, அதன் முனையை மடக்கினாள். போட்டிக் காலண்டரை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

"இதுல இன்னும் தாள் இருக்கு, அண்ணாச்சி."

ஈஸ்டர் லீவு

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. சாமியாரின் அட்டவணை சரி, எங்கள் தாள் சரி, எல்லாம் சரி. ஆனால் ஏப்ரல் 25 என்பது அதற்குமேல் தள்ளிப்போட முடியாத தேதி. அதற்குப் பிந்திய ஈஸ்டர் உலகத்திலேயே கிடையாது. அன்றும் அவன் வராவிட்டால் அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு காலண்டர் இல்லை. சுபானு வருஷம் பிறந்தது. முதலாளி யாரையோ வைத்துப் பஞ்சாங்கம் வாசிக்கச் சொன்னார். கடல் வாணிபம் சிறக்கும் என்று வந்தது. சண்டைக்காலத்தில் எப்படிச் சிறக்கும் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

பெரிய வியாழனன்று நின்றுபோன கோயில் மணி சனிக்கிழமை காலையில் மறுபடி ஒலித்தது. அன்று மத்தியானம் மூன்று பாய்கள் தெரிந்தன என்று சுப்பையா வந்து சொன்னார். அதில் ஒன்று தொம்மையின் தோணி. நான் புரூபை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். தோணி கரைக்கு எட்டத்தில் நங்கூரம் போட்டிருந்தது. மேலே ஆட்கள் சின்னதாகத் தெரிந்தார்கள். ஆனால் சண்டைக்கால உத்தரவுப்படி அதிகாரி வந்து தோணியைச் சோதித்தபிறகுதான் ஆள் இறங்கலாம். அதிகாரி எங்கே என்று கேட்டேன். பெரிய வெள்ளியிலிருந்து திங்கள் வரை ஆபீஸ் மூடியிருக்கிறது, ஈஸ்டர் லீவு, செவ்வாய்க்கிழமை வருவார் என்று துறைமுகத்துக் காவலாளி சொன்னார். அவரும் ஈஸ்டருக்குப் புதுவேட்டி கட்டியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி போனேன். செசிலி பூசைக்குக் கட்டிய சேலையோடு கரையில் உட்கார்ந்திருந்தாள். சோறும் மீன் குழம்பும் வள்ளம் என்கிற சின்னப் படகு ஒன்றில் கொடுத்தனுப்பியிருந்தாள். பாத்திரம் காலியாகத் திரும்பி வந்திருந்தது. அதைப் பக்கத்தில் வைத்திருந்தாள். தோணியின் ஓரத்தில் ஒருவன் நின்று கையை ஆட்டினான். அவன்தானா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. சொன்னபடி ஈஸ்டருக்கு வந்துவிட்டானே தங்கச்சி, இனி என்ன பயம் என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டத்தில் நங்கூரம் போட்ட தோணி இரவில் என்ன ஆகும், காற்று எழும்பினால் என்ன ஆகும், விமானம் வந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அவள் ஏற்கெனவே ஒவ்வொன்றாக நினைத்து முடித்திருந்தாள் என்று தோன்றியது.

"வீட்ல இருப்பேன்னுல்லா சொன்னாரு. அவரு வாசல்படி ஏறுத வரைக்கும் எங்க வீட்ல ஞாயித்துக்கிழமைதான் அண்ணாச்சி, தாளைக் கிழிக்க மாட்டேன்."

கொச்சியில் ஒரு பூசை

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதிகாரி வந்து, தோணியைச் சுற்றிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். புதன்கிழமை தொம்மையே நன்றி சொல்ல அச்சகத்துக்கு வந்தான். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன ஆள். வெயிலில் உதடு வெடித்திருந்தது. உட்காரச் சொன்னேன், மேஜையைத் தொட்டுக்கொண்டு நின்றான். மார்ச் மாதத்தில் அவள் விட்டுப்போன போட்டிக் காலண்டர் அங்கேயே மூலையில் கிடந்தது. அதை எடுத்து, தான் மடக்கிய தாளைக் கண்டுபிடித்து, முனையைப் பிரித்து நீவிவிட்டான்.

மார்ச் 28, அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கொச்சியில் இருந்திருக்கிறான். சரக்கும் ஏறவில்லை, அனுமதிச் சீட்டும் வரவில்லை. அவன் கணக்கில் அன்று ஈஸ்டர். கொழும்பில் காத்துக்கிடந்த நாட்களிலும் அந்தத் தேதியைத்தான் விரல்விட்டு எண்ணியிருக்கிறான். கோயிலுக்குப் போன ஒன்றிரண்டு ஞாயிறுகளிலும் யாரிடமும் தேதி கேட்கவில்லை. சுவரில் அச்சில் பார்த்ததை எதற்குக் கேட்கவேண்டும்? அன்று காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பொஞ்சாதிக்குக் கொடுத்த வாக்கு தவறிவிட்டது, அதற்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கோயிலுக்குப் போயிருக்கிறான். பூவும் விளக்குமாக இருக்கும் என்று நினைத்து உள்ளே நுழைந்தால் பீடம் மொட்டையாக இருந்தது. பாட்டும் இல்லை. பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த மலையாளத்துக்காரரிடம் தெரிந்த பாஷையில் கேட்டிருக்கிறான். அவர் இவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஈஸ்டருக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது என்றாராம்.

இதைச் சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. உள்ளேயிருந்து முதலாளியும் எட்டிப் பார்த்தார். தொம்மை தாளை மறுபடி ஒருமுறை நீவினான்.

"சாமியார் தபசு காலத்து ஊதா உடுப்போட நிக்காரு, அண்ணாச்சி. அப்பத்தான் எனக்கு உசிரு வந்துது. ஆண்டவரும் இன்னும் எந்திரிக்கல, நானும் இன்னும் பிந்தல."

அத்தனை தாள்களையும் சரியாக அச்சடித்த அந்த வருஷத்தில் ஏப்ரல் 25 என்ற ஒரே ஒரு தாளுக்காகத்தான் ஒருவர் நேரில் வந்து எங்களுக்கு நன்றி சொன்னார், அந்தத் தாளில் வந்த தேதியையும் தள்ளிப்போட்டது நாங்கள் அல்ல, கோயில் கணக்கில் ஒரு நாள் முந்திவிட்ட நிலா.